பினாயில் அக்காவின் மூக்கு

எனக்குப் பிளம்பர் வேலை. இருபது வருடமாக அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் குந்தி உட்கார்ந்து பிழைக்கிறேன். ஒரு குடும்பத்தைத் தெரிந்துகொள்ள அவர்கள் ஹாலில் ஒரு மாதம் உட்கார வேண்டாம், குளியலறையில் பத்து நிமிடம் போதும் என்று பெருமை அடித்துக்கொள்கிற ஆள் நான். யார் சோம்பேறி, யார் சிக்கனம், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அங்கே எழுதி ஒட்டாத குறையாக இருக்கும். அப்பேர்ப்பட்ட எனக்கு, பினாயில் அக்கா வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய மூன்று வருடமும் மூன்று குழாயும் ஆயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மூன்று மாடி லாட்ஜ் இருக்கிறது. அதில்தான் அக்காவுக்கு வேலை. மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருடம் கணவர் இறந்துவிட்டார். அடுத்த மாதமே பிரஷ்ஷும் வாளியுமாக அந்த லாட்ஜுக்குள் நுழைந்தவர், இன்று ஆறு பெண்களை வைத்து முப்பத்திரண்டு அறைகளைப் பார்த்துக்கொள்கிறார். பினாயில் அக்கா என்று பட்டப்பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை. அக்காவுக்கு அதில் கோபம் கிடையாது, பெருமைதான். "என்னைக் கண்ணால பாக்க வேணாம், மாடிப்படி ஏறும்போதே நான் இருக்கேன்னு தெரியும்" என்பார்.

அவர் வேலை பார்க்கும் விதமே தனி. பெண்கள் ஓர் அறையைக் கழுவித் துடைத்து முடித்ததும் அக்கா வாசலில் வந்து நிற்பார். உள்ளே காலை வைக்க மாட்டார். கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார். "கட்டிலுக்கு அடியில ஈரத்துணி கிடக்குது" என்பார். குனிந்து பார்த்தால் கிடக்கும். "மெத்தை ஓரத்துல எவனோ சிகரெட்டை வச்சு அணைச்சிருக்கான்" என்பார். விரிப்பைத் தூக்கினால் கருகல் இருக்கும். எல்லாம் சரியாக இருந்தால், "இன்னும் அரை மூடி" என்று மட்டும் சொல்வார். அரை மூடி பினாயில். அதை வாளியில் விட்டு ஒரு தடவை துடைத்தால் அந்த அறை முடிந்தது, பூட்டலாம்.

கொஞ்ச வருடமாக அந்த அரை மூடி இரண்டு மூடி ஆனது. பிறகு கால் பாட்டில் ஆனது, குளியலறையில் ஊற்றும் ஆசிட்டும் அதே கணக்கில் ஏறியது. "வயசாக வயசாக அக்கா ரொம்பக் கறாராயிட்டாங்க" என்று பெண்கள் முனகினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லாட்ஜ் குழாய்களில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து, உள்ளே பித்தளை பச்சை பிடிக்க ஆரம்பித்தது. அக்கா வீட்டிலும் அதே கதை. முன்பெல்லாம் ஐந்து வருடம் உழைத்த குழாய் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. ஆசிட்டின் வேலை என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. குழாய் மாற்றுவதுதானே என் பிழைப்பு. குழாய் நன்றாக இருந்தால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

அக்காவின் வீடு ஒரு மாடிப் பகுதி. ஒரு ஹால், ஒரு சமையலறை, குளியலறை சேர்ந்த ஒரே ஒரு படுக்கையறை. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் படுக்கையறையை அவனுக்கும் மருமகளுக்கும் விட்டுவிட்டு அக்கா ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டார். மருமகள் ஒரு செருப்புக் கடையில் பில் போடுகிறவள். பேசுவதற்கு முன்னால் சிரித்துவிடும் பெண். எதிர்த்துப் பேசத் தெரியாது. அதுவே பின்னால் வம்பாகப் போனது.

வந்த நாலாம் மாதம் அவளுக்கு இருமல் பிடித்தது. பிறகு இளைப்பு. காலையில் எழுந்திருக்கும்போதே நெஞ்சில் விசில் அடிக்கும். மருந்தை உறிஞ்சி இழுக்கிற சின்னக் குழல் ஒன்றை டாக்டர் கொடுத்தார். அது இல்லாமல் அவளால் கடைக்குப் போக முடியவில்லை.

அக்கா சும்மா இருப்பாரா? அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், கழுவுவது. படுக்கையறையை தினம் ஒரு தடவை துடைத்தவர் மூன்று தடவை துடைத்தார். குளியலறையில் வாரத்துக்கு ஒரு நாள் ஊற்றிய ஆசிட்டை ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊற்றினார். நடுவில் வருகிற நாளில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார். தூசி வரக் கூடாதென்று ஜன்னல் இடுக்கில் எல்லாம் டேப் ஒட்டினார். குளியலறையின் மேல் ஜன்னலில் அட்டையை வைத்து அடைத்தார். மெத்தைக்குக் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இல்லை. பீரோவில் கை நிறைய அந்துருண்டை. படுக்கப் போகும் முன் ரூம் ஸ்ப்ரே வேறு. இத்தனையும் அந்தப் பெண்மேல் இருந்த பாசத்தில்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

"அத்தை, நெடி கொஞ்சம் தாங்க முடியல" என்று மருமகள் ஒரு நாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"என்ன நெடி? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்று சொல்லிவிட்டு அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அந்தப் பெண் தன் அம்மா வீட்டில் ஒரு வாரம் இருந்தாள். ஒரு இருமல்கூட வரவில்லை. திரும்பி வந்து இரண்டாம் நாள் மறுபடியும் விசில். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. "அவங்க அம்மா வீட்டுக்குப் போனா சரியாயிடுதாம், நம்ம வீட்டுக்கு வந்தா மட்டும் மூச்சு முட்டுதாம். எனக்கா புரியாது?" என்று என்னிடமே சொன்னார். மகன் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் மாதிரி அடி வாங்கினான். கடைசியில், வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பேசிவிட்டான். அம்மா தனியாக இருக்கட்டும், மாதம் தவறாமல் வந்து பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டான்.

இருபத்திரண்டு வருடம் அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் அக்கா மண்டியிட்டுத் தரை தேய்த்தார். அவன் வீட்டை விட்டுப் போக இருபது நாள் இருக்கும்போது எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பாத்ரூம் குழாயெல்லாம் புதுசா மாத்திடு. நல்லதாப் பாத்து வாங்கு. பளபளன்னு இருந்தா... இருந்துட்டுப் போலாம்னு தோணுமில்ல?"

பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

குழாயைக் கழற்ற உட்கார்ந்தபோதுதான் சுவரை ஒழுங்காகப் பார்த்தேன். டைல்ஸுக்கு டைல்ஸ் நடுவில் ஒயிட் சிமெண்ட் பூசியிருப்பார்களே, கீழ் வரிசைகளில் அது சுத்தமாக இல்லை. ஆசிட் தின்றுவிட்டது. இடுக்கில் ஆணியை விட்டால் முழுதாக உள்ளே போகிறது. குளிக்கிற தண்ணீர் எல்லாம் அந்த வழியாகச் சுவருக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை.

"மாப்ளே, இங்க வா. இந்த பீரோவை நகர்த்தணும், ஒரு கை குடு" என்று மகனைக் கூப்பிட்டேன்.

பீரோவை இழுத்தோம். பின்னால் சுவர் முழுக்க ஓதம். முட்டி உயரத்திலிருந்து ஆள் உயரம் வரை கறுப்புப் பூஞ்சை. சுண்டினால் பூச்சு பொலபொலவென்று கொட்டியது. கட்டிலின் தலைமாடு அதற்கு ஒரு முழ தூரம்கூட இல்லை. அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதுகூடத்தான் ஒரு வருஷமா தூங்கியிருக்கே" என்றேன் அவளிடம்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அதுக்குத்தான் தம்பி பிளீச்சிங் போடுறேன். ஆசிட் ஊத்தாம எப்படி சுத்தமாகும்? இன்னும் கொஞ்சம் கூடுதலா ஊத்தியிருந்தா இது வந்தே இருக்காது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் சொன்னால் மரியாதை கெட்டுவிடும் என்று குளியலறைக்குள் திரும்பிப் போனேன். தரையில் தண்ணீர் போகிற ஜாலியைக் கழற்றினேன். அதற்குக் கீழே ஒரு கிண்ணம் இருக்கும். அதில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கிறது. அக்கா பக்கத்தில் குனிந்து டார்ச் அடித்தார். மகன் பின்னால் நின்றான். கிண்ணத்தைத் தூக்கினேன்.

என் வாழ்க்கையில் எத்தனையோ நாற்றம் பார்த்தவன் நான். அன்றைக்கு வந்ததுபோல் ஒன்று பார்த்ததில்லை. கழிவுத் தொட்டிக்குள் இருக்கிற நுண்ணுயிரெல்லாம் ஆசிட்டிலும் பிளீச்சிங்கிலும் செத்துப்போய், எதுவும் மக்காமல் அப்படியே தேங்கிக் கிடந்திருக்கிறது. மகன் வாயைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். மருமகள் மாடிப்படியில் இறங்கியே விட்டாள். நான் கையிலிருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஹாலுக்குப் பாய்ந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா அங்கேயே, அந்தக் குழிக்கு நேர் மேலே, டார்ச்சைப் பிடித்தபடி குனிந்திருந்தார்.

"என்ன தம்பி, எதுக்கு ஓடுறே? பூச்சி எதுவும் வந்துச்சா?"

லாட்ஜ் அறை வாசலில் நின்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும் ஈரத்துணியைக் கண்டுபிடித்த மூக்கு அது.

மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்க் கிண்ணத்தை வைத்து மூடினேன். ஜன்னல் டேப்பைக் கிழித்துத் திறந்துவிட்டேன். பிறகு கழிவுத் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்று அக்காவை மட்டும் வீட்டுப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன்.

"எப்பலேர்ந்து அக்கா?"

"எது எப்பலேர்ந்து?"

"அக்கா, நான் உங்க தம்பி மாதிரி. மூக்கு எப்பலேர்ந்து இப்படி?"

தொட்டி மூடியைப் பார்த்தபடி, "மூணு வருஷம் ஆச்சு" என்றார். லாட்ஜில் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குளியலறையைத் தேய்த்திருக்கிறார். ஆசிட்டும் பிளீச்சிங்கும் ஒன்றாகக் கலந்து புகை வந்திருக்கிறது. ஒரு வாரம் கண்ணெரிச்சல், தொண்டைப் புண். அது ஆறியது. மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

"அப்ப எவ்வளவு ஊத்தணும்னு எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"பக்கத்துல நிக்கிறவங்க முகத்தைப் பாப்பேன். மூக்கைச் சுளிக்கிற வரைக்கும் ஊத்துவேன். சுளிச்சா போதும்னு நிறுத்திடுவேன்."

லாட்ஜில் பெண்கள் முகத்தைச் சுளித்துவிடுவார்கள், அவர்களுக்கென்ன. வீட்டில் இருந்தது மருமகள். மாமியார் வாளியோடு வந்தால் அவள் எப்படிச் சுளிப்பாள்? அத்தை வருத்தப்படுவார்களே என்று மூச்சை அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்பாள். அவள் சிரிக்கச் சிரிக்க அக்கா ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

இதைச் சொன்னேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு அந்தத் தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அவகிட்ட சொல்லிடாதே தம்பி. லாட்ஜுக்கும் தெரியக் கூடாது. மூக்கு இல்லாதவளை எதுக்குடா வச்சிருப்பாங்க?"

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். அந்தப் பொண்ணு நடிக்குதுன்னு நீங்க பேசின பேச்சுக்கு நீங்கதான் சொல்லணும்."

"முதல்ல அவ நல்லா மூச்சு விடட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று தட்டிக்கழித்தார்.

மகனிடம் பேசி மருமகளை இரண்டு வாரம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். வீடு என் கைக்கு வந்தது. குழாய் மாற்றப் போனவன் கொத்தனாரும் ஆனேன், பெயிண்டரும் ஆனேன். மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு இதுவாவது செய்ய வேண்டாமா?

கீழ் வரிசை டைல்ஸ்களை உடைத்தெடுத்தேன். படுக்கையறைப் பக்கம் ஈரப்பூச்சை முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு செங்கல் தெரியுமளவு சுரண்டினேன். எட்டு நாள் ஜன்னலைத் திறந்து போட்டு, மின்விசிறியைச் சுவர் பக்கம் திருப்பிவைத்துக் காயவிட்டோம். வழவழப்பான பெயிண்ட் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும் என்று சொல்லி, பூச்சின் மேல் சுண்ணாம்புதான் அடித்தேன். குளியலறை மேல் ஜன்னல் அட்டையை எடுத்து அங்கே ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும்போது அக்கா தன் தோலை உரிப்பதுபோல் பார்த்தார். "புது மெத்தைடா!" "புது மெத்தைக்கும் காத்து வேணும் அக்கா." அதை மொட்டைமாடி வெயிலில் மூன்று நாள் போட்டோம். அந்துருண்டை, ஸ்ப்ரே எல்லாம் வெளியே போனது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். கழிவுத் தொட்டியை வண்டி வரவழைத்துச் சுத்தம் செய்தோம். "இனிமே இதுக்குள்ள ஆசிட் போச்சுன்னா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று மிரட்டினேன்.

சிரமம் சுவரில் இல்லை, அக்காவின் கையில்தான் இருந்தது. பாட்டில் இல்லாமல் அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்த்துவிட்டு, "இது எப்படிப் போதும், எப்படித் தெரியும் போதும்னு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"தொட்டுப் பாருங்க" என்றேன் எரிச்சலில்.

தொட்டார். அழுக்கு இருந்த டைல்ஸ் வழுக்கியது. தேய்த்த டைல்ஸில் விரலை இழுத்தால் கீச்சென்று சத்தம் வந்தது. அன்று மாலை முழுக்க தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு டைல்ஸாக விரலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வைப்பரால் தண்ணீரைத் தள்ளித் தரையைக் காயவைத்தார். ஈரம் நிற்காத குளியலறைக்கு மருந்தே வேண்டாம் என்பதை அக்கா அந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டார். நானும் அப்போதுதான் அவர் எவ்வளவு நல்ல வேலைக்காரி என்று ஒழுங்காகப் பார்த்தேன்.

ஒன்றாம் தேதிக்கு மூன்று நாள் முன்பு மருமகள் வந்தாள், ஒரே ஒரு பையோடு. "ரெண்டு நாள் இருந்து பாக்குறேன் அத்தை" என்றாள். பையைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அருகில் அப்படியே வைத்தாள். அக்கா அந்தப் பையைச் சுற்றித் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை, மிச்சமிருந்த ஒரு குழாயை மாட்டப் போயிருந்தேன். சொல்வானேன், குழாய் ஒரு சாக்கு. என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளியலறைக் கதவு திறந்திருந்தது. மருமகள் கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளே வந்து நின்றார்.

"எப்படிம்மா இருக்கு இப்ப?"

"ரெண்டு நாளா அந்தக் குழலை எடுக்கவே இல்ல அத்தை."

"ரூம்ல... என்ன வாசனை வருது?"

அத்தை பழையபடி பினாயிலுக்கு அடிபோடுகிறார் என்றுதான் அந்தப் பெண் நினைத்திருப்பாள். சீப்பு நின்றுவிட்டது. மெதுவாக மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே வரல அத்தை."

"எனக்கும் அப்படித்தான்மா."

"ஆமா, இப்பதான் எதுவும் ஊத்தறதில்லையே."

"இப்ப இல்ல" என்றார் அக்கா. "மூணு வருஷமா."

நான் குழாயை முறுக்கிக்கொண்டே இருந்தேன். அது எப்போதோ இறுகிவிட்டது.

அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லாட்ஜ், புகை, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ஊற்றியது, எதையும் விடவில்லை. "நீ நெடி தாங்கலைன்னு சொன்னப்போ நீ பொய் சொல்றியோன்னுதான்மா நெனச்சேன். எனக்குத் தெரியலைன்னா அது இல்லைன்னே முடிவு பண்ணிட்டேன். உன் மூச்சைப் பிடிச்சு நிறுத்தினது நான்தான்" என்று சொன்னபோது குரல் உடைந்துவிட்டது.

மருமகள் சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப தினம் காலைல நான் டீ குடுக்கும்போது, 'ஏலக்காய் வாசனை தூக்குது, உன் கை மணம் யாருக்கும் வராது'ன்னு சொல்வீங்களே அத்தை?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"சும்மாதான்மா சொன்னேன். எனக்கு அது வெறும் சுடுதண்ணிதான். நீ சிரிப்பியேன்னு சொல்வேன்."

ஒரு வருடம் மூச்சு முட்டியபோதெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றவள் அந்த டீக்கு அழுதாள். நன்றாக, வாய்விட்டு அழுதாள். அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கை மட்டும் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹாலில் சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்த புருஷனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு நாங்க வரலைன்னு சொல்லிடுங்க. அப்படியே ஆபீஸுக்கும் லீவு சொல்லுங்க. அத்தையை மூக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."